செவியின் சாதி: தொடக்கப் பள்ளியில் இசை குறித்துச் சில விவாதங்கள்

1

தொடக்கப் பள்ளியில் இசை வேண்டும் என்று பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, இசை படித்தால் பிள்ளைக்கு மூளை வளரும், கணக்கு நன்றாக வரும். இரண்டு, இசை நம் பண்பாடு, அது தெரியாத பிள்ளை வேரில்லாத பிள்ளை. இந்த இரண்டையும் ஆசிரியர் பயிற்சி முகாம்களில் கேட்டிருக்கிறேன். கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். நம் தோழர்கள் சிலர் வாயிலாகவும் கேட்டிருக்கிறேன். இரண்டுமே சேரிப் பிள்ளைக்கு உதவாத காரணங்கள் என்பது என் கருத்து. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அதை நம்மைத் தவிர யாரும் சொல்லப் போவதில்லை. நாமும் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

மூளைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 1993இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்கவைத்துப் பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். அந்தக் கூடுதலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. இதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஒரு வியாபாரமே நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் மேற்கத்திய செவ்விசைத் தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். நம் ஊர் நகரத்துத் தனியார் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளில் இன்றும் அதன் நிழல் விழுகிறது. கணக்கு வருவதற்காகத்தான் இசை என்றால் பேசாமல் கூடுதலாக ஒரு கணக்கு வாத்தியாரைப் போட்டுவிட்டுப் போகலாமே. இசையை இசைக்காக மதிக்காதவர்கள் பிள்ளையைப் பிள்ளைக்காக மதிப்பார்கள் என்று நம்ப எனக்கு வழியில்லை.

பண்பாட்டுக் கதை அவ்வளவு எளிதில் முடிவதல்ல. யாருடைய பண்பாடு என்ற பழைய கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

2

1931இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர் ஆகியோர் மீது பதினொரு தடைகளைப் போட்டார்கள். ஹட்டன் எழுதிய ‘இந்தியாவில் சாதி’ என்ற நூலில் அந்தப் பட்டியல் பதிவாகியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. நகை போடக் கூடாது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். சொந்த நிலத்தை விற்றுவிட வேண்டும். இவற்றை நம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதே பட்டியலில் இருக்கிற வேறு இரண்டு தடைகளை நாம் சேர்த்து வாசித்ததில்லை. ஒன்று, இவர்களுடைய பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது. இன்னொன்று, கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் முதலான இசை வைக்கக் கூடாது.

எழுத்தையும் மேளத்தையும் ஒரே தாளில் எழுதித் தடுத்திருக்கிறார்கள். எழவுக்கும் கோயில் சாட்டுக்கும் பறையடிக்க வரவேண்டும் என்று கட்டளையிடுகிற ஊர், அதே மக்கள் தம் கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது என்கிறது. ஊருக்காக எழுப்புகிற சத்தம் கடமை, தனக்காக எழுப்புகிற சத்தம் குற்றம். சாதி என்பது தெருவையும் கிணற்றையும் மட்டும் பிரிக்கவில்லை, சத்தத்தையும் பிரித்து வைத்தது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிக்கிற தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசடித்து ஆள் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். கலகத்தை அடக்கிய வெள்ளையர்கள் 1740இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடிமைகள் முரசும் ஊதுகொம்பும் வைத்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு அபராதம் என்றும் அதே சட்டம் சொன்னது. இரண்டு கண்டங்கள், இடையில் இரு நூற்றாண்டு. இருந்தும் ஆண்டைகளுக்கு ஒரே புத்தி. எழுத்தும் தாளமும் ஒரே மனிதனிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நாம்தான் அதைப் பிரித்துவிட்டோம். நம் இயக்கங்கள் பள்ளிக்கூடத்துக்காகப் போராடின, அது சரிதான். இசையை ஒருபக்கம் அவமானம் என்று ஒதுக்கினோம், இன்னொருபக்கம் மாநாட்டு மேடையில் எழுச்சிக்குப் பயன்படுத்தினோம். பள்ளிக்கூடத்துக்குள் இசை என்றால் என்ன, யார் சொல்லிக் கொடுப்பது, எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதை எதிர்த் தரப்பு முடிவு செய்துகொள்ள விட்டுவிட்டோம்.

3

அந்த முடிவு என்னவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக் கல்விக்குப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு, அதிலும் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் மட்டும், பகுதிநேரமாக. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்கு முன்பே, 2006இல் வந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலைப்பாட்டு அறிக்கை பத்தாம் வகுப்பு வரை கலைகளைப் பாடமாகவே வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது, சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காராத வருஷம் இல்லை. 2017இல் சிறப்பாசிரியர் தேர்வு வந்தபோது இசைக்கு 86 இடம். மாநிலத்தில் அரசு, ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் மட்டும் சுமார் 24 ஆயிரம் இருக்கின்றன.

தொடக்கப் பள்ளியில் பாட்டே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. செயல்வழிக் கற்றலில் பாட்டு உண்டு, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆடல் பாடல் களம் என்றே உண்டு. நான் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவன். அந்தப் பாட்டுகளைக் கையைத் தட்டிக் குதித்துப் பாடியவன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே பாட்டு ஒரு வண்டி. வண்டியில் ஏற்றியிருப்பது ‘அ’னா ஆவன்னா, அல்லது கூட்டல் கழித்தல். சரக்கு இறங்கியதும் வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாளம் தப்பினால் என்ன ஆகும், பக்கத்துப் பிள்ளையின் குரலை எப்படிக் கேட்பது, ஒரே பாட்டு ஏன் நம் தெருவில் ஒரு மாதிரியும் அடுத்த தெருவில் வேறு மாதிரியும் இருக்கிறது என்ற கேள்விகள் அங்கே வருவதில்லை.

பள்ளிக்கு வெளியே அரசு தனியாக இசை சொல்லிக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் பதினேழு. அவற்றின் பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இந்த ஏழையும் இன்னொரு முறை வாசியுங்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வயலினுக்கு இடம் இருக்கிறது. சங்கப் பாட்டில் பெயர் வருகிற பறைக்கு இந்தப் பட்டியலில் இடம் இல்லை. அண்மை ஆண்டுகளில் நாட்டுப்புறக் கலைப் பயிற்சி என்று பகுதிநேரமாகக் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் முழுநேரம் யாருக்கு, பகுதிநேரம் யாருக்கு என்கிற பிரிவினை அப்படியேதான் இருக்கிறது. ஒன்றுக்குப் பெயர் இசை. மற்றதற்குப் பெயர் நாட்டுப்புறக் கலை.

4

இந்த இடத்தில் தமிழிசை இயக்கத்தை விமர்சனம் செய்யாமல் மேலே போக முடியாது. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துத் தமிழிசைக் குரல் எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தெலுங்குக் கீர்த்தனைக்கே மேடை என்றிருந்த காலத்தில் தமிழில் பாடு என்று கேட்டது பெரிய காரியம். பார்ப்பனர்களின் சபாக்கள் அதற்குக் காட்டிய எதிர்ப்பே அதன் நியாயத்துக்குச் சாட்சி.

ஆனால் அந்த இயக்கம் பாட்டின் மொழியை மாற்றச் சொன்னதே தவிர, மேடையில் யார் உட்காருவது என்று கேட்கவில்லை. எந்தத் தோல் கருவி மேடைக்கு ஆகும், எது ஆகாது என்று கேட்கவில்லை. தமிழிசையின் தொன்மையைக் காட்டப் பாணரையும் பறையையும் சங்கப் பாட்டிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனையும் பாணனையும் குடிகளாக எண்ணுகிறது என்று பெருமையோடு சொன்னார்கள். அந்தப் பறையைக் கையில் வைத்திருந்தவன் அன்றைக்குச் சபாவின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஏட்டில் இருந்தால் தமிழன் தொன்மை, தெருவில் இருந்தால் தீட்டு!

இதற்கு இன்னும் பழைய முன்மாதிரி உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெரிய கவிஞர், இன்றும் தேவாலயங்களில் பாடப்படுகிறவர். 1820களின் இறுதியில் அவரும் தஞ்சைக் கிறித்தவ வேளாளர்களும் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து முறையீடுகள் எழுதினார்கள். தேவாலயத்தில் தமிழ் இசையைத் தடுக்கிறார்கள் என்பது ஒரு புகார். எல்லாச் சாதியையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள் என்பது இன்னொரு புகார். தமிழ் இசைக்கான உரிமைக்குரலும் தனிப் பந்திக்கான உரிமைக்குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்திருக்கின்றன. ஆகவே பள்ளியில் தமிழிசை என்று யாராவது சொன்னால் நாம் உடனே கைதட்டிவிட முடியாது. எந்தத் தமிழ், எந்த இசை என்று கேட்கத்தான் வேண்டும்.

கருவியைச் செய்கிறவனின் கதையும் இதுதான். மிருதங்கம் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் பேசாது. தோலைத் தேர்ந்து, வாட்டி, சுதி சேர்த்துக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை 2020இல் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஒரு தோல் சரியாகப் பேசுகிறதா என்று காதால் அறிந்து சொல்கிறவனுக்கு இசை தெரியும் என்று ஒப்புக்கொள்ள இங்கே எவ்வளவு தயக்கம்! அவனுக்கும் செவி இருக்கிறது என்று சொன்னால் வித்வானின் செவி என்ன ஆவது?

5

எங்கய்யா பறையடிப்பார். சாவுக்கும் சாமிக்கும் அடிப்பார். நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. பெரிய அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “டேய், ஒங்கப்பன்ட்டச் சொல்லி நாலு பேரக் கூட்டிட்டு வரச் சொல்லு. வாசல்ல நின்னு அடிக்கணும்.” எங்கய்யா வந்தார். வைக்கோலைப் போட்டுக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். வைக்கோல் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான். கார் வந்தது. வாசலில் அடித்தார்கள். அதிகாரி உள்ளே போனதும் “போதும், அந்தண்ட போங்க, கடவுள் வாழ்த்துப் பாடப் போறாங்க” என்று ஒரு வாத்தியார் வந்து சொன்னார். மேடையில் சுருதிப்பெட்டி வைத்து ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். எங்கய்யாவுக்கு வேலிக்கு வெளியே சாப்பாடு போட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது எங்கய்யா சொன்னார்: “அந்த நடுப்புள்ள பாடுச்சு பாரு, அதுக்கு நல்ல காதுடா.” நாள் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடினவர்களின் பாட்டைக் கேட்டுத் தரம் பிரித்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் அடித்ததில் எந்த அடி எங்கே மாறியது என்று சொல்ல அங்கே ஒரு வாத்தியாருக்கும் தெரியாது. யார் இசை தெரிந்தவர், யார் தெரியாதவர்? செவியின் சாதி என்று நான் சொல்வது இதைத்தான். கேட்கப் பழகாத செவிக்கு அதிகாரம் இருந்தது. கேட்கப் பழகிய செவி வேலிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டது.

6

பறையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொன்னால் முதல் எதிர்ப்பு நம் தெருவிலிருந்துதான் வரும். வந்திருக்கிறது. சில வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பறை சொல்லிக் கொடுக்கப் பக்கத்து ஊர் ஆசான் ஒருவரை அழைத்து வந்தேன். இரண்டாம் வாரமே ஒரு தாய் வந்து நின்றார்.

“எங்க மாமனாரு அடிச்சாரு சார். எங்க வீட்டுக்காரரு அதத் தூக்கிப் போட்டுட்டுத் திருப்பூரு போயிட்டாரு. நீங்க திரும்பவும் எம்புள்ள கையில குச்சியக் குடுக்குறீங்க. இதுக்கா சார் பள்ளிக்கூடம் அனுப்புறேன்?”

அதே வாரம் ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்தார். “எங்க வீட்டுப் புள்ள அதத் தொடுறதா? நாளைக்கு நாலு பேரு என்னா பேசுவாங்க?”

இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். ஆனால் இரண்டும் ஒரே வேண்டாம் அல்ல. அந்தத் தாயின் மறுப்பில் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது. பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஊர்விலக்கம் பட்டவர்கள், அடி வாங்கியவர்கள், கூலி இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பறை தமிழரின் ஆதி இசை என்று பட்டணத்து மேடையில் பேசுகிற நண்பர்கள், அதைக் கீழே போடுவதற்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களில் தலித் கலை விழாக்கள் நடந்தபோதே இந்த விவாதம் தொடங்கிவிட்டது. விடுவதா, மீட்பதா? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். “அம்மா, ஒங்க புள்ள மட்டும் அடிச்சா நானே நிறுத்திர்றேன். எல்லாப் புள்ளையும் அடிக்கும், ஊர்ப்புள்ளையும் அடிக்கும். அடிக்கிறதுக்கு மார்க்கு உண்டு. சொல்லிக் குடுக்க வர்றவரு வாத்தியாரு. அவருக்கு நாற்காலி உண்டு.” அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “பாப்போம் சார்” என்று போனார்.

சாதித் தொழிலுக்கும் பாடத்துக்கும் என்ன வித்தியாசம்? தொழில் பிறப்பால் வருகிறது, மறுக்க முடியாது, கூலியை ஊர் முடிவு செய்யும். பாடம் எல்லோருக்கும் பொது, அதற்கு ஆசிரியர் உண்டு, சம்பளம் உண்டு. பறை என்கிற கருவி ஒன்றுதான். அது எந்த உறவுக்குள் வைக்கப்படுகிறது என்பதில்தான் அடிமைத்தனமும் விடுதலையும் இருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்தபோது அந்த உறவு மாறியது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், கிராமிய இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது அது மாறியது. செவ்விசையை அப்படியே ஒப்பிக்க வேண்டும், மக்கள் பாட்டைப் பாடுகிறவர்கள் தம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்வார். 2005இல் அவர் மறைந்தார். அந்தக் கருத்தைத் தொடக்கப் பள்ளிக் கல்விக் கொள்கையாக வாசிக்க நாம் இன்னும் முயலவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டைக் கொடுத்து “இதை மாற்று” என்று சொல்வது எவ்வளவு பெரிய கல்வி!

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் பட்டமும் பதக்கமும் ஒரு மனிதருக்குத் தரப்படுகின்றன, பாடத்திட்டம் ஒரு தலைமுறைக்குத் தரப்படுகிறது. தலைநகரில் விருது வாங்கத் தகுதியுள்ள கலை, ஊர்த் தொடக்கப் பள்ளியில் சம்பளம் வாங்கத் தகுதியற்றதாக இருப்பது எப்படி? இசை ஆசிரியருக்குத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தத் தேர்வின் வாசலில் இருப்பதோ கர்நாடக இசை இலக்கணம். முப்பது வகை அடி தெரிந்த ஆசானுக்கு அங்கே எழுத ஒரு பக்கம்கூட இல்லை.

என் வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆசான் முதல் வாரம் பறையைக் கையில் கொடுக்கவில்லை. கண்ணை மூடி வெளிச்சத்தம் கேட்கச் சொன்னார். அம்மிச் சத்தம், டிராக்டர், கோழி, யாரோ துணி துவைக்கிறது. பிறகு வாயால் சொற்கட்டு, கையால் தட்டு, பிறகுதான் சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆசான் வற்புறுத்தவில்லை. “நீங்க தாளத்த எண்ணுங்க, தப்புனா நிறுத்துங்க” என்றார். மூன்றாம் வாரம் அந்த இருவரில் ஒருவன் பொறுக்க முடியாமல் குச்சியை வாங்கினான். அவன் எண்ணியே பழகியவன், தாளம் தப்பவில்லை. சேரிப் பிள்ளைகள் அவனைப் பார்த்து அடித்தார்கள், அவன் இவர்களைப் பார்த்து அடித்தான். பறையைத் தனியாக அடிக்கலாம், ஆனால் கூட்டமாக அடித்தால்தான் அது பேசும். மற்றவன் எப்போது நிறுத்துவான் என்று காதால் காத்திருக்க வேண்டும். சத்துணவு வரிசையில் விலகி நிற்கிற பிள்ளை, அடியில் விலகி நிற்க முடியாது.

ஆறு வாரத்தோடு அது நின்றுபோனது. சாதிக்காரர்கள் வந்து நிறுத்தவில்லை. ஆசானுக்கு அறுவடை வேலை வந்தது, சனிக்கிழமை கூலியை விட முடியாது. பஸ் காசுக்கு மேல் கொடுக்க என்னிடம் எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை. சம்பளம் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

7

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் போட்டி என்று வந்ததும் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். பரதத்துக்கு யார், பறைக்கு யார் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பெயர் எழுதுகிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொடுக்காமல் போட்டி வைத்தால் வீட்டில் ஏற்கெனவே இருப்பதுதான் மேடைக்கு வரும். வீட்டில் இருப்பது சாதி.

கர்நாடக இசையை நம் பிள்ளைகள் தொடக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வயலினும் ஆர்மோனியமும் நம் பிள்ளைக்கும் வேண்டும். “இளையராஜா வரலையா?” என்று கேட்பவர்கள் உண்டு. வந்தார். பண்ணைப்புரத்தில் அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரி இருந்தது, பொதுவுடைமை மேடை இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். அண்ணனும் மேடையும் வாய்க்காத பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு மேதையைக் காட்டி ஆயிரம் பிள்ளைகளுக்கு வகுப்பை மறுப்பது என்ன நியாயம்?

8

பள்ளியில் இசை வகுப்பு இல்லை என்பதால் நம் பிள்ளைகளுக்கு இசைக் கல்வி நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நடக்கிறது. தென்மாவட்டத்தில் தனியார் பேருந்தில் ஏறுங்கள். திருவிழா ஒலிபெருக்கியைக் கேளுங்கள். செல்பேசியில் ஓடுகிற சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பாருங்கள். அரிவாளும் மீசையும் பரம்பரையும் தாளத்தோடு மனப்பாடமாகின்றன. ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பிசகாமல் பாடுகிறது. அந்த வகுப்புக்கு விடுமுறை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழு அமைந்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் 2024இல் அது பரிந்துரைத்தது. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அவிழ்த்துவிடலாம். காதில் கட்டிய கயிறை எதைக் கொண்டு அவிழ்ப்பது?

மூன்றாவது காரணம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். யாருடைய சத்தத்தை மதித்துக் கேட்பது, யாருடையதை இரைச்சல் என்று தள்ளுவது என்பதைப் பிள்ளை பத்து வயதுக்குள் கற்றுக்கொள்கிறது. சாதி அதை இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. அதற்கு எதிரான கல்வியைக் கொடுக்க எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிற ஒரே இடம் அரசுத் தொடக்கப் பள்ளி. தனியார் பள்ளிகள் வந்தபின் அந்த இடமும் சுருங்கி வருகிறது என்பதால் அவசரம் இன்னும் கூடுகிறது.

ஆகவே இந்தக் கோரிக்கைகளை விவாதத்துக்கு வைக்கிறேன். ஒன்று, ஒன்றாம் வகுப்பிலிருந்தே இசை தனிப் பாடமாக, கால அட்டவணையில் இடத்தோடு வரவேண்டும். இரண்டு, பறை ஆசான்களுக்கும் மற்ற மக்கள் கலைஞர்களுக்கும் சான்றிதழ் கேட்காமல் திறமையைச் சோதித்து முழுச் சம்பளத்தில் ஆசிரியர் பணி தரவேண்டும். மூன்று, எந்தக் கருவியும் எந்தப் பிள்ளைக்கும் சாதி பார்த்து ஒதுக்கப்படக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் தொட வேண்டும். நான்கு, விழாவுக்கும் வரவேற்புக்கும் பிள்ளைகளையோ பெற்றோரையோ வாசலில் நின்று பறையடிக்க வைக்கிற வழக்கத்தை ஆணை போட்டு நிறுத்த வேண்டும்.

நான்காவதை ஒத்துக்கொள்ளாமல் முதல் மூன்றையும் யாராவது நிறைவேற்ற வந்தால், அந்தத் தாயோடு சேர்ந்து நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தோழர்கள் எழுதுங்கள். குறிப்பாக, பறையை விட்டுவிட்டவர்கள் எழுதுங்கள்.